குறிநோக்கும் கண்ணாடியும் வேட்டையின் அமானிதமும்

நம் அரபிக் கல்லூரிகளில் ஃபிக்ஹுக் கிதாபுகள் ஓதப்படும்போது, வேட்டையையும் அறுப்பையும் பற்றிய பாடம் ஆண்டுதோறும் வந்து போகிறது. காவிரியின் கடைமடையில் வாய்க்காலும் நெல்வயலுமாய்க் கிடக்கும் குரும்பகரம் போன்ற காரைக்கால் பகுதி ஊர்களிலிருந்து வரும் மாணவனுக்கு அது ஏட்டளவிலான பாடமாகவே தோன்றும். மான் மேயும் காடு அங்கில்லை. மான் இருக்கும் இடங்களிலும் அதை வேட்டையாட நாட்டின் சட்டம் இடந்தருவதில்லை. 1967இல் அமைந்த கோடியக்கரைச் சரணாலயத்தில் துள்ளித் திரியும் வெளிமான், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிர். அதைக் கொன்றவருக்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு. அது ஏழாண்டு வரையும் நீளலாம்.

எனினும் காரைக்காலின் வரலாறு இப்பாடத்துக்கு வேறொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 1954 நவம்பர் 1ஆம் நாள் இவ்வூரின் நிர்வாகம் ஃபிரெஞ்சியரிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, ஃபிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இங்குள்ள பலருக்குக் கிடைத்தது. அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்று ஃபிரான்சில் வாழ்கின்றனர். அந்நாட்டில் தேர்வெழுதி உரிமம் பெற்றவர், ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு, குறித்த பருவத்தில் மான் வேட்டையாடலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலோ நம் காடுகளின் கடமானே வேட்டைக்குரிய விலங்கு. 1860களில் கீழை நாடுகளிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோய் விடப்பட்ட அம்மான் அங்கு பெருகிப் பரவியது.

அவ்விடங்களிலிருந்து வரும் மஸ்அலாக்களுள் ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணம்: ‘மான் வேட்டைத் துப்பாக்கிக்கு, அதிகச் செலவின்றி, இப்போதிருப்பதைவிட மேலான ஸ்கோப்பை வாங்க நினைக்கிறோம். எதைப் பார்த்துத் தேர்வது?’ இது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் துப்பாக்கியின் மேல் அமரும் அச்சிறு தொலைநோக்கியின் வரலாறு நம் அறிஞர் ஒருவரின் நூலோடு தொடர்புடையது. அதன் பயனும் நம் ஃபிக்ஹின் ஒரு நுட்பத்தோடு பிணைந்தது. அவ்விரண்டையும் அறிந்தவருக்குத் தேர்வு எளிதாகும்.

பார்வையின் எட்டு நிபந்தனைகள்

பஸராவில் ஏறத்தாழ கி.பி. 965இல் பிறந்து, ஏறத்தாழ 1040இல் கெய்ரோவில் மறைந்தவர் இப்னுல் ஹைஸம். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிடும் தாலமியும் கொண்டிருந்த கருத்தை அவர் தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதே பார்வை என்று நிறுவினார். அந்நூல் 1200ஆம் ஆண்டையொட்டி இலத்தீனுக்குப் பெயர்ந்தது. 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. கெப்ளர் உள்ளிட்ட ஐரோப்பிய ஒளியியல் அறிஞர்கள் அதைக் கற்றே மேற்சென்றனர்.

நம் பேசுபொருளுக்கு நெருக்கமானது அந்நூலின் மூன்றாம் பகுதி. கண் எவ்வாறு பிழை செய்கிறது என்பதை ஆராயும் பகுதி அது. பார்வை சரியாக அமைய எட்டு நிபந்தனைகள் அளவோடு கூடியிருக்க வேண்டும் என்கிறார் ஆசிரியர். அவை தொலைவு, எதிர்நிலை, ஒளி, பொருளின் பருமன், பொருளின் ஒளிபுகாத் தன்மை, இடையிலுள்ள வெளியின் தெளிவு, பார்ப்பதற்கான கால அவகாசம், கண்ணின் நலம் என்பன. இவற்றில் ஒன்று அளவு கடந்தாலும் குறைந்தாலும் கண் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும். பொழுது சாயும் வேளையில் புதருக்குள் அசைவது மானா, மற்றொரு வேட்டைக்காரரா என்ற ஐயம் இப்பிழைகளில் கொடியது. இத்தகைய பிழையால் ஆண்டுதோறும் பல நாடுகளில் மனித உயிர்கள் போகின்றன.

தொலைநோக்கி இவ்வெட்டில் எதைச் சீராக்குகிறது? தொலைவைச் சுருக்கிக் காட்டுகிறது, பருமனைப் பெருக்குகிறது, ஒளியை ஓரளவு திரட்டித் தருகிறது. மூடுபனியை அது விலக்காது. அவகாசத்தை நீட்டாது. பார்ப்பவனின் கண்ணையும் பொறுமையையும் திருத்தாது. ஸ்கோப் வாங்குபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய வரம்பு இதுவே.

சிலந்தி நூலிலிருந்து

1608இல் ஹாலந்தின் கண்ணாடிக் கைவினைஞர் லிப்பர்ஷே தொலைநோக்கிக்குக் காப்புரிமை கோரினார். அதன் பின் முப்பதாண்டளவில், இங்கிலாந்தின் வானியலாளர் வில்லியம் கேஸ்காயின் தம் கருவிக்குள் சிலந்தி ஒன்று நூலிழைத்திருப்பதையும், அவ்விழை பார்வைப் புலத்தில் துலக்கமாகத் தெரிவதையும் கண்டார். நோக்கும் பொருளின் மேல் ஓர் இழையைப் பொருத்திக் குறிபார்க்கலாம் என்பது அதனால் புலப்பட்டது. இன்றைய ஸ்கோப்பினுள் தெரியும் குறுக்கிழைக்கு மூலம் அதுதான்.

அவ்விழை துப்பாக்கியின் மேல் நிலைபெற இரு நூற்றாண்டுகள் சென்றன. 1830களிலும் 1840களிலும் அமெரிக்காவில் ஜான் சாப்மனும் மார்கன் ஜேம்ஸும் குழலின் நீளத்துக்கே நீண்ட குறிநோக்கிகளைச் செய்தனர். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவ்வகைக் கருவிகள் மனிதரை நோக்கித் திரும்பின. பின்னர் ஐரோப்பாவில் குட்டையான வடிவம் உருவாகி வேட்டைக்காரர் கைக்கு வந்தது.

1935இல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா கண்டறிந்த மேற்பூச்சு அடுத்த பெரும் மாற்றம். பூச்சற்ற கண்ணாடியின் ஒவ்வொரு முகப்பிலும் நான்கு விழுக்காட்டுக்கு மேல் ஒளி எதிரொளித்து வீணாகும். வில்லைகளின் முகப்புகள் பத்து என்றால், உட்புகும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு கண்ணை அடையாது. இவ்விழப்பைப் பெருமளவு தடுத்த பூச்சு ஜெர்மானியரின் போர் இரகசியமாகக் காக்கப்பட்டது. இன்றோ விலை குறைந்த ஸ்கோப்பிலும் அது உண்டு. எளியவருக்கும் நல்ல பார்வை கிட்டும் நிலையை உருவாக்கியது இம்மாற்றமே.

குண்டும் ஃபத்வாவும்

வேட்டைக் கருவியின் நுட்பத்தை நம் இமாம்கள் புறக்கணித்ததில்லை. ‘மிஃராள்’ எனும் கோலைப் பற்றி அதீ இப்னு ஹாத்திம் (ரலி) வினவியபோது நபி (ஸல்) அவர்கள் அளித்த விளக்கம் இதன் அடிப்படை. கூர்முனை பட்டு இறந்ததை உண்ணலாம். கோலின் பக்கவாட்டு மோதி இறந்தது அடிபட்டுச் செத்ததன் வகையில் சேரும்.

வெடிமருந்துக் குண்டு பரவியபோது இக்கேள்வி புதிதாய் எழுந்தது. ஈயக்குண்டுக்குக் கூர்முனை இல்லை, அது சுட்டும் கனத்தாலும் கொல்கிறது என்று கூறி, அதனால் இறந்ததை உண்ணலாகாது என்றார் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்). அவர் காலத்திலேயே யமனில் வாழ்ந்த இமாம் ஷவ்கானி (ரஹ்), குண்டு உடலைத் துளைத்துச் செல்வதால் அது ஆகும் என்றார். இவ்விருவருக்கும் முன்பே, நம் கடற்கரை மக்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் இப்னு ஹஜர் அல்ஹைத்தமீ (ரஹ்) தம் ‘துஹ்ஃபா’வில், நெருப்பால் எய்யப்படும் குண்டு எரித்து விரைந்து கொல்வதாகக் கூறி அதைத் தடுத்தார். தடுத்தவர் ஒரு விலக்கையும் எண்ணிப் பார்த்தார். பெரிய பறவையின் சிறகு போன்ற இடத்தில் மட்டுமே குண்டு படும் என்று தேர்ந்த கைவன் ஒருவன் உறுதியாக அறிவானாயின், அது ஆகும் என்று கொள்ள இடமுண்டு என்பது அவர் கருத்து.

இவ்விலக்கு நம் கேள்விக்கு ஒளி தருகிறது. குண்டு எங்கே படும் என்ற அறிவே அங்கு தீர்ப்பை மாற்றுகிறது. கடுமையான கருத்தைப் பின்பற்றுவோர், அடிபட்ட மானை உயிர் நிலைத்திருக்கும்போதே அடைந்து பிஸ்மி கூறி அறுத்தாக வேண்டும். ஷவ்கானியின் கருத்தைப் பின்பற்றுவோரும் பிஸ்மியுடன் சுட்டு, துளைத்த காயத்தால்தான் அது இறந்தது என்று அறிந்திருக்க வேண்டும். காயம்பட்ட மான் புதருக்குள் ஓடி மறைந்தாலோ, ஓடைநீரில் வீழ்ந்தாலோ எந்தக் கருத்தின்படியும் ஐயம் வந்து நிற்கும். ஒவ்வொரு செயலையும் செம்மையாகச் செய்யவும், அறுக்கும்போது கத்தியைத் தீட்டி உயிரின் வேதனையைக் குறைக்கவும் ஏவிய மார்க்கம் இது. கத்தியைத் தீட்டுவது கடமை என்றால், குறியைத் தீட்டுவதும் அதனோடு சேர்ந்ததே.

பெருக்கமா, தெளிவா?

இனித் தேர்வுக்கு வருவோம். குறைந்த விலையில் மிகுந்த பெருக்கம் என்பதே விளம்பரங்களின் கவர்ச்சி. அதில் மயங்குவது பணத்துக்கும் கேடு, விலங்குக்கும் கேடு.

முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் வில்லையில் 4 மடங்கு வைத்தால் அது 10 மில்லிமீட்டர். 9 மடங்கு வைத்தால் 4.4 மட்டுமே. இருளில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயதேற ஏற அது குறையும். மான் வெளிவருவதோ வைகறையிலும் அந்தியிலும். ஆகவே மங்கிய ஒளியில் பெருக்கத்தைக் கூட்டுபவர் தம் கண்ணுக்கு வரும் ஒளியைத் தாமே குறைத்துக்கொள்கிறார். காத்திருந்து சுடும் வேட்டைக்கு 4 அல்லது 6 மடங்கில் நிலைத்த ஸ்கோப், அல்லது 3 முதல் 9 வரை மாறும் 40 மில்லிமீட்டர் ஸ்கோப் போதுமானது. நிலைத்த வகையில் அசையும் உறுப்புகள் குறைவு. எனவே அதே விலைக்கு மேலான கண்ணாடி கிடைக்கும். ஃபிரான்சில் வழக்கமான, விலங்கைக் கலைத்து ஓட்டும் கூட்டு வேட்டையில் தொலைவு குறைவு. அங்கு ஒரு மடங்கில் தொடங்கும் ஸ்கோப்பே ஏற்றது.

எல்லா முகப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு இருக்கிறதா, உள்ளே நைட்ரஜன் நிரப்பிப் பனிபடியாதபடி அடைத்திருக்கிறதா, சுட்டபின் துப்பாக்கி பின்னுதைக்கையில் புருவத்தில் மோதாதபடி கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே 9 சென்டிமீட்டரளவு இடைவெளி கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாலைப் பொழுதில் கடைக்கு வெளியே நின்று நிழலடர்ந்த மரத்தடியை நோக்கிப் பார்ப்பது, பெட்டியில் அச்சிட்டிருப்பதைவிட நம்பத்தக்க சோதனை.

ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் வளையங்களிலும் தாங்கியிலும் சிக்கனம் கூடாது. கோணத்தில் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, பிசகினால் 100 மீட்டரில் குறி ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர் விலகும். ஆறு கலை பிசகினால் விலகல் 17 சென்டிமீட்டரைத் தாண்டும். சிறுமானின் உயிர்நிலையோ ஒரு சாண் அகலத்துக்கு மிகாது. உயர்ந்த ஸ்கோப்பைத் தளர்ந்த தாங்கியில் வைத்திருப்பவரைவிட, எளிய ஸ்கோப்பை இறுகப் பொருத்தி, மிஞ்சிய பணத்தைத் தோட்டாக்களிலும் பயிற்சியிலும் செலவிட்டவரே நம்பத்தக்க வேட்டைக்காரர். இப்னு ஹஜர் குறிப்பிட்ட ‘தேர்ந்த கைவன்’ பயிற்சியால் உருவாகிறவன். அவன் கடையில் கிடைப்பதில்லை.

ஜஹாங்கீரின் கணக்கு

கைத்திறன் மட்டும் போதாது என்பதற்கும் வரலாறு சான்று தருகிறது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் துப்பாக்கியில் வல்லவர். பன்னிரண்டாம் வயது முதல் ஏறத்தாழ ஐம்பதாம் வயது வரை தம் முன்னிலையில் வேட்டையாடப்பட்டவை 28,532 என்றும், அவற்றுள் 17,167 உயிர்களைத் தாமே கொன்றதாகவும் தம் நினைவுக்குறிப்பில் கணக்கு வைத்திருக்கிறார். அதே ஜஹாங்கீர், தாம் வளர்த்த மன்ஸ்ராஜ் எனும் மான் இறந்தபோது லாகூருக்கு அருகே ஷேக்பூராவில் அதற்குக் கல்லறை எழுப்பி, அவ்வெளியில் மான் வேட்டையைத் தடுத்தார். ஹிரன் மினார் எனும் அக்கோபுரம் இன்றும் நிற்கிறது. எண்ணிக்கையாய் நின்ற மான்களுக்கு இரங்காத மனம், அருகிருந்து அறிந்த ஒரு மானுக்கு இரங்கியது.

இஹ்ராமில் இருப்போரை, கைக்கும் ஈட்டிக்கும் எட்டும்படி வேட்டைப் பிராணிகள் நெருங்கி வருவதைக் கொண்டு அல்லாஹ் சோதிப்பதாக அல்மாயிதா அத்தியாயம் உணர்த்துகிறது. எட்டாத உயிரை விட்டுவிடுவதில் சோதனை இல்லை. எட்டிய உயிரின்மேல் கை வைக்காதிருப்பதில்தான் உண்டு. ஸ்கோப் செய்வதும் மானை எட்டும் தொலைவுக்குக் கொண்டுவருவதே. அதன் வழியே பார்ப்பவர் கன்றுடன் நிற்கும் பெண்மானை அடையாளம் கண்டு விடவும், பின்னால் ஆள் நடமாட்டம் உண்டா என்று நோக்கவும், குறி நிச்சயமாகாவிடில் விரலை எடுத்துக்கொள்ளவும் கூடுமாயின், குறைந்த விலைக்கு வாங்கிய கண்ணாடியும் தன் கடமையைச் செய்துவிட்டது. தொலைவில் சுடும் துணிவை மட்டுமே அது தருமாயின், எவ்வளவு மலிவாய்க் கிடைத்தாலும் அது நஷ்டமான வியாபாரம் என்றே நாம் மறுமொழி எழுதுவோம்.