கட்புலன் இழப்பும் போர்க்கால இழப்பீடும்: யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

போரில் வீழ்ந்தோருக்கு நடுகல் நாட்டிய மரபு தமிழர் வரலாற்றில் நெடியது. வீழ்ந்தவரின் வழியினருக்கு 'உதிரப்பட்டி' என்னும் பெயரில் நிலக்கொடை அளிக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. விழுப்புண்ணைப் பெருமையாகப் போற்றுதலும் பழைய மரபே. ஆயின் அப்புண்ணுடன் உயிர்வாழ நேர்ந்தவன், சிறப்பாகக் கண்ணிரண்டையும் இழந்தவன், எஞ்சிய நாட்களை எவ்வாறு கழித்தான் என்பதைப் பற்றி அம்மரபு அதிகம் பேசுவதில்லை. புகழ் இறந்தோருக்கு உரியதாயிற்று. வாழ்க்கைச் செலவு உயிருடன் இருந்தோரின் குடும்பத்திற்கு உரியதாயிற்று. இம்முரண்பாட்டை நாம் இக்கட்டுரையில் நோக்குவோம்.

போரில் ஊனமுற்றோருக்கு நிவாரணம் வழங்குதல் கருணையன்று, கடமையே என்னும் கருத்துத் தற்கால அரசுகளின் வளர்ச்சியோடு இணைந்து தோன்றியது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1862ஆம் ஆண்டுச் சட்டம் முற்றாக ஊனமுற்ற சாதாரணப் படைவீரனுக்கு மாதம் 8 டொலரை விதித்தது. 1866ஆம் ஆண்டுச் சட்டமோ இரு கண்களையும் இழந்தவருக்கு மாதம் 25 டொலர் என வகுத்தது. பிறரது இடையறாத உதவியின்றி வாழ இயலாதவருக்கும் அதே தொகை வழங்கப்பட்டது. இவ்வேறுபாட்டின் அடிப்படையை மனங்கொளல் வேண்டும். பார்வையிழந்தவர் உழைப்பை மாத்திரம் இழப்பதில்லை. மற்றொருவரின் உழைப்பும் அவருக்குத் தேவையாகின்றது. மேலதிக இழப்பீடு என்னும் கோட்பாட்டின் அடித்தளம் இதுவேயாகும்.

பிரித்தானியாவில், தாமே பார்வையிழந்தவரான பத்திரிகை அதிபர் ஆர்தர் பியர்சன் 1915இல் நிறுவிய சென்ற் டன்ஸ்ரன் நிலையம், முதலாம் உலகப் போரில் கண்ணிழந்த படையினருக்குப் பிரெயில் எழுத்தையும் கைத்தொழில்களையும் பயிற்றுவித்தது. எனினும் பேரரசின் பரிவுக்கு எல்லையிருந்தது. அப்போரின் நினைவாக ஆண்டுதோறும் நவம்பர் 11இல் இலங்கையில் பொப்பி மலர் விற்றுத் திரட்டிய பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே சென்றது. இதனை எதிர்த்து, உள்ளூர் முன்னாள் படைவீரருக்கு உதவும் பொருட்டு, ஏலியன் பெரேரா 1931இல் சூரியமல் விற்பனையைத் தொடக்கினார். பின்னர் இடதுசாரி இளைஞர் அதனை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தெடுத்தனர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்ததும் அதே 1931ஆம் ஆண்டிலேயே என்பது குறிப்பிடத்தக்கது. சூரியமல் என்பது வேறொன்றுமன்று. எமது வேலிகளில் பூக்கும் பூவரசம் பூவே. போரில் ஊனமுற்றவருள் எவருக்குப் பணம் சேரவேண்டும் என்ற வினா, இந்நாட்டில் அன்றே அரசியல் வினாவாகிவிட்டது.

அவ்வினா பின்னர் எம்மிடையே இன்னும் கொடூரமான வடிவில் எழுந்தது. 2009 மே வரை நீடித்த யுத்தத்தில் எறிகணையும் விமானக் குண்டும் மிதிவெடியும் குடாநாட்டில் எண்ணற்றோரை ஊனமாக்கின. மிதிவெடி காலை மட்டும் பறிப்பதில்லை. மண்ணையும் கல்லையும் உலோகத் துகளையும் முகத்தில் வாரியெறிந்து கண்ணையும் பறிக்கின்றது. காலிழந்தவருக்குச் செயற்கைக் கால் உண்டு. அது அவரை நடக்கச் செய்யும். செயற்கைக் கண்ணோ பிறர் பார்ப்பதற்கானது. அணிந்தவர் அதனாற் பார்ப்பதில்லை.

இனி, இழப்பீட்டு ஏற்பாடுகளை நோக்கின், ஒரே வகைக் காயத்திற்கு மூவகை நீதி இருந்துவந்தமை புலனாகும். அரச படையினருக்கு ஓய்வூதிய விதிகளும், 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ரணவிரு சேவா அதிகாரசபையும் இருந்தன. பொதுமக்களுக்கு 1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த புனர்வாழ்வு அதிகாரசபை ஒருமுறை வழங்கும் நட்டஈட்டை அளித்தது. விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து கண்ணிழந்தோருக்கு, வன்னியில் இயங்கிய நவம் அறிவுக்கூடம் போன்ற அவ்வியக்கத்தின் நிறுவனங்களே புகலிடமாயின. 2009இன் பின் அவையும் இல்லாதொழிந்தன. ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் அரசின் புனர்வாழ்வு முகாம்களைக் கடந்து வீடு திரும்பினர். ஓய்வூதியம் எதுவும் அவர்களுடன் திரும்பவில்லை. அவர்களுக்கும் நட்டஈடு வழங்கலாம் என்னும் யோசனை 2018இல் அமைச்சரவை மட்டத்தில் எழுந்தபோது தெற்கில் கடும் எதிர்ப்புக் கிளம்பிற்று.

இதிலிருந்து, அரச படைவீரன் வளமாக வாழ்கின்றான் என முடிவுகட்டுதல் தவறாகும். 2016 நவம்பரில், 12 ஆண்டுச் சேவையை நிறைவு செய்யுமுன் ஊனமுற்று விலகிய படையினர் ஓய்வூதியம் கோரிக் கொழும்பிலே போராடினர். கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் அவர்கள்மீது பிரயோகிக்கப்பட்டன. 'ரணவிரு' எனப் போற்றப்பட்டவர்களின் நிலை இதுவாயிற்று. தெற்கின் ஏழை விவசாயியின் மகனும் வடக்கின் ஏழைக் கூலியாளின் மகளும் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். கண்ணிழந்த பின் இருவருக்கும் வேண்டியவை ஒன்றே: வெள்ளைப் பிரம்பும், தொழிலும், கைபிடித்துச் செல்லும் ஒருவரும்.

அந்த ஒருவர் பெரும்பாலும் பெண்ணே. தாயோ மனைவியோ சகோதரியோ கூலிவேலையைக் கைவிட்டு வைத்தியசாலைக்கும் பிரதேச செயலகத்திற்கும் உடன் செல்கின்றார். அவரது இழந்த நாட்கூலி எக்கணக்கிலும் இடம்பெறுவதில்லை. 1866இலே அமெரிக்கச் சட்டம் கண்டுகொண்ட உண்மையை நாம் இன்னும் ஏட்டிற் பதியவில்லை.

மற்றுமொரு பிரச்சினை காலத்தோடு முதிர்ந்து வருகின்றது. தொண்ணூறுகளில் இருபது வயதில் ஒரு கண்ணை இழந்தவர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். நீரிழிவோ கண்ணழுத்த நோயோ மறுகண்ணையும் தாக்கும்போது அவர் முற்றாகப் பார்வையிழக்கின்றார். மறுகண்ணைப் பறித்தது நோயே, போரன்று என அதிகாரி வாதிடலாம். ஆனால், போர் ஒரு கண்ணைப் பறித்திராவிடின், நோய் மறுகண்ணைக் கெடுத்த பின்னும் ஒளி எஞ்சியிருக்கும். இத்தகையவரின் இரு கண்களும் சேவைக்காலத்தில் இழந்தவையாகவே கொள்ளப்பட வேண்டும் என்ற நியாயத்தை அமெரிக்கச் சட்டம் ஏற்றுள்ளது. 2007இல் அதற்கான பார்வைக் குறைவின் அளவுகோலையும் தளர்த்தியது. ஒருமுறை நட்டஈடு வழங்கிக் கோப்பை மூடிவிடும் எமது முறையில் இதற்கு இடமில்லை.

2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இழப்பீட்டு அலுவலகத்தை அமைத்தது. வடக்குக் கிழக்கில் இடம்பெற்ற ஆயுத மோதலில் உரிமை மீறலுக்கு உள்ளானோரை அது பாதிக்கப்பட்டோராக ஏற்கின்றது. சட்டத்தின் வாசகம் அகன்றது. நடைமுறையும் அவ்வாறே அகலுதல் வேண்டும். இழப்பின் அளவே இழப்பீட்டின் அளவுகோலாதல், ஒருமுறைத் தொகைக்குப் பதிலாக மாதாந்தக் கொடுப்பனவு, துணையாளருக்குத் தனிப்படி, மறுகண் பழுதுறும்போது மீள்மதிப்பீடு என்னும் நான்கும் இன்றியமையாதவை எனக் கருதுகின்றோம்.

எச்சீருடை அணிந்திருந்தார், அல்லது சீருடையே அணியாதிருந்தார் என்பதை வெடித்த குண்டு வினவவில்லை. அதனாற் பார்வையிழந்தவரிடம் மட்டும் அவ்வினாவைத் தொடுப்பது நீதியாகாது. நடுகல்லுக்கு நாம் செலுத்தும் மரியாதையின் ஒரு பங்கையேனும் உயிருடன் இருப்போரின் அன்றாடத் தேவைக்குச் செலுத்தும்போதே, இவ்வரலாற்றிலிருந்து நாம் எதனையோ கற்றோம் எனக் கூறும் தகுதி எமக்கு உண்டாகும்.