1.8 மீட்டர் கணக்கு: நம் நகரங்களின் நடைபாதையில் ஏன் நடக்க முடிவதில்லை?

ஆபீஸிலிருந்து மெட்ரோ நிலையம் 800 மீட்டர்தான். ஆனாலும் ஆட்டோ பிடிக்கிறீர்கள். சோம்பேறித்தனம் என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். அந்த 800 மீட்டரை ஒருமுறை அளந்து பாருங்கள், காரணம் புரிந்துவிடும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதல்படி, குடியிருப்புப் பகுதி நடைபாதையில் தடையே இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். கடைத்தெரு என்றால் 2.5 மீட்டர். உயரம் 15 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. 1.8 என்பது சும்மா போட்ட எண் இல்லை. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் கடந்துபோக அவ்வளவு இடம் வேண்டும். இங்கே "தடையே இல்லாத" என்பதுதான் விஷயம். 2 மீட்டரில் நடைபாதை போட்டு நடுவில் டிரான்ஸ்பார்மர் வைத்தால், காகிதத்தில் 2 மீட்டர், காலுக்கு அரை மீட்டர்.

உயரத்திலும் இதே கதைதான். வண்டி ஏறக் கூடாதென்று நடைபாதையை உயர்த்திக் கட்டுகிறார்கள். பைக்காரர் எங்காவது ஒரு சரிவைப் பிடித்து ஏறிவிடுவார். முட்டிவலி உள்ள உங்கள் அம்மாதான் ஏற முடியாமல் ரோட்டில் நடப்பார்.

அந்த ரோட்டில் நடப்பது எவ்வளவு ஆபத்து? 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பாதசாரிகள் 32,825. ஒரு நாளைக்குச் சுமார் 90 பேர். நெடுஞ்சாலை, கிராமச் சாலை மரணங்களும் இதில் அடக்கம் என்பதால், எல்லாவற்றையும் நடைபாதைக் கணக்கில் எழுத முடியாது. ஆனால் ஐந்தில் ஒருவர் நடந்துபோனவர் என்பது சாதாரண விஷயமில்லை.

ஏன் உடைந்தே கிடக்கிறது?

குடிநீர், கழிவுநீர், மின்சாரம், இன்டர்நெட் கேபிள் என்று ஆளுக்கொரு மாதம் தோண்டுவதால்தான். பெங்களூருவின் 'டெண்டர்ஷூர்' திட்டம் கைவைத்தது இந்த இடத்தில். ரெசிடென்சி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு போன்ற நகர மையச் சாலைகளில் குழாய்களையும் கேபிள்களையும் நடைபாதைக்கு அடியில் முறைப்படுத்தி, உள்ளே இறங்கிப் பழுதுபார்க்கத் திறப்புகள் வைத்தார்கள். வாகனத் தடங்கள் சாலை முழுக்க ஒரே அகலம். மிஞ்சிய இடம் நடப்பவர்களுக்கு. அங்கே வேலை பார்ப்பவர் என்றால், வித்தியாசம் உங்கள் காலுக்கே தெரிந்திருக்கும். செலவு அதிகம், மையப் பகுதிக்கு மட்டும்தானா என்ற விமர்சனங்களும் வந்தன. இரண்டாவது கேள்வி நியாயமானது.

வடிவமைப்பு மட்டும் போதாது என்பதற்கு டெல்லி சாந்தினி சௌக் உதாரணம். செங்கோட்டையிலிருந்து ஃபத்தேபுரி மசூதி வரை சுமார் 1.3 கி.மீ. சாலையைச் சீரமைத்து 2021-இல் திறந்தார்கள். காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை. ஆனால் வண்டியை நிறுத்துவது கல் அல்ல, தினமும் அங்கே நிற்க வேண்டிய போலீஸ்.

அப்படின்னா தள்ளுவண்டிகளை அகற்றினால் சரியாகிவிடுமா? 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. இடம் ஒதுக்குவதில் கருத்துச் சொல்லும் குழுவில் குறைந்தது 40% பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். இரவு 10 மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கும் பெண்ணுக்கு, விளக்கெரியும் டீக்கடை எவ்வளவு தைரியம் என்பதையும் யோசியுங்கள்.

சட்டம் இப்போது உங்கள் பக்கம். கோவை மருத்துவர் ஒருவர் 2012-இல் தொடுத்த வழக்கில், நடைபாதை உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அவை இருக்க வேண்டும் என்றும் கூறியது.

எனவே, உங்கள் தெருவில் நடைபாதை வேலை தொடங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் அதன் வரைபடத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் மொத்த அகலத்தை விடுங்கள், தடையற்ற அகலம் எவ்வளவு என்று பாருங்கள்.