சிறார் திரைப்பட விழா (தமிழ்நாடு)
அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை படிப்போருக்கு மாதந்தோறும் ஒரு படம் காட்டும் திட்டம். பள்ளிக்கல்வித்துறை 2022இல் தொடங்கியது. இராணிப்பேட்டை மாவட்டத்துச் சோளிங்கர் அரசுப் பள்ளிகளுக்கும் உரியது. படம் முடிந்ததும் கலந்துரையாடல் உண்டு. பிறர் நிலையில் நின்று பார்க்கும் பழக்கம் அங்கேதான் முளைக்கிறது.

தொடக்கத்தில் காட்டப்பட்டவற்றுள் சாப்ளினின் ‘தி கிட்’ (1921) ஒன்று. பேசாப்படம், ஆகவே மொழி தடையில்லை. சன்னலுக்குக் கண்ணாடி பொருத்தும் ஏழை ஒருவர், தெருவில் கிடைத்த குழந்தையை வளர்க்கிறார். பின்னர் அதிகாரிகள் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது சிறுவன் கைநீட்டிக் கதறுகிறான். தோல் தொழிற்சாலைக்கும் செருப்புத் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் பலர் படிக்கும் சோளிங்கர் பகுதியில், ‘அவன் இடத்தில் நீ இருந்தால்?’ என்ற கேள்விக்கு ஆசிரியர் தாராளமாக நேரம் தர வேண்டும். பதிலுக்கு மதிப்பெண் போடக் கூடாது. போட்டால் ஆசிரியருக்குப் பிடித்ததையே பிள்ளைகள் சொல்வார்கள்.