சின்னம்மாவின் மூன்று துண்டுகள்

புதுக்குடியிருப்பில் இருக்கும் என்னுடைய சின்னம்மா ஆஸ்பத்திரிக் கடதாசிகளை எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, அரிசி வாளிக்குப் பின்னால் வைத்திருப்பார். இடப்பெயர்வுகளில் பழகிய பழக்கம். ஓட வேண்டி வந்தால் முதலில் கையில் எடுப்பது அந்தப் பையைத்தான். போன மாதம் அதைத் திறந்தபோது மூன்று டயக்னோசிஸ் கார்ட்கள் இருந்தன. பதினான்கு மாதங்களுக்குள் மூன்று தடவை வார்டில் இருந்துவிட்டு, துண்டு வெட்டி வீட்டுக்கு வந்திருக்கிறார். மூன்று தடவையும் ஒரே கஷ்டம்தான்: இரவில் முட்டு, சளி, படுக்க முடியாத இளைப்பு. ஆனால் மூன்று துண்டிலும் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தது. முதலாவதில் 'வீசிங்'. இரண்டாவதில் 'எல்ஆர்டிஐ', அதாவது கீழ்ச் சுவாசப்பாதைத் தொற்று. மூன்றாவதில் 'சிஓபிடி', தொற்றினால் தீவிரமானது.

"ஏன் பிள்ளை, எனக்கு மூண்டு வருத்தமே?" என்று கேட்டார்.

இல்லை, ஒரு வருத்தம்தான். ஆனால் நாட்டின் கணக்கில் அது மூன்றாகத்தான் போயிருக்கும். அது எப்படி என்று தேடியபோது அறிந்ததையே இங்கே எழுதுகிறேன். எங்களுடைய வீடுகளில் இப்படியான பைகள் நிறைய உண்டு.

அரச ஆஸ்பத்திரியில் நோயாளி ஒருவர் வார்டை விட்டுப் போனதும் அவருடைய கட்டில் தலைச்சீட்டு, நாங்கள் பிஎச்டி என்று சொல்வது, மருத்துவப் பதிவு அறைக்குப் போகும். அங்குள்ள உத்தியோகத்தர் வைத்தியர் எழுதிய நோயின் பெயரைப் பார்த்து ஒரு குறியீடு போடுவார். அந்தக் குறியீடுகள் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்படுத்தலான ஐசிடி-10 இலிருந்து வருபவை. 1990 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 1994 முதல் நாடுகள் பாவிக்கத் தொடங்கிய பட்டியல் அது. குறியீடு இடப்பட்ட விபரங்கள் சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போகின்றன. வருடாந்த சுகாதார அறிக்கையில் நாங்கள் பார்க்கும் அட்டவணைகள் இவற்றிலிருந்துதான் பிறக்கின்றன.

இந்தப் பட்டியலில் சுவாச நோய்களுக்கு 'ஜே' என்ற எழுத்து. சிஓபிடி என்ற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு ஜே44. அதற்குள்ளும் பிரிவுகள் உண்டு: கீழ்ச் சுவாசத் தொற்றோடு வந்தால் ஜே44.0, காரணம் குறிப்பிடாமல் தீவிரமாகியிருந்தால் ஜே44.1, எந்த விபரமும் இல்லையென்றால் ஜே44.9. ஆஸ்துமா ஜே45. எம்பைசீமா தனியே எழுதப்பட்டால் ஜே43. சின்னம்மாவின் மூன்றாவது துண்டு ஜே44.0 க்குப் போகும். இரண்டாவது ஜே22, குறிப்பிடப்படாத திடீர்த் தொற்று. முதலாவது 'ஜே' குடும்பத்திலேயே இல்லை. வீசிங் என்பது நோய் அல்ல, அறிகுறி. அதற்கு ஆர்06.2.

குறியீடு போடுபவரைக் குறை சொல்ல முடியாது. வைத்தியர் எழுதாததை அவர் ஊகித்து எழுதக்கூடாது என்பதுதான் விதி. பத்து வருடம் இழுத்த நெஞ்சு என்று அவருக்கு எப்படித் தெரியும்? வைத்தியரையும் முழுதாகக் குறை சொல்ல மனம் வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறி வந்தவருக்கு நெபுலைசர் வைத்து, மூச்சைத் திருப்பி எடுப்பதுதான் அவருடைய வேலை. சிஓபிடி என்று உறுதியாகச் சொல்ல ஸ்பைரோமெற்றி வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகு ஊதச்செய்து, முதல் ஒரு செக்கனில் வெளியேறும் காற்று, ஊதிய மொத்தக் காற்றின் 70 வீதத்துக்குக் குறைவா என்று பார்ப்பார்கள். இளைத்துக்கொண்டிருப்பவரை அந்த நேரத்தில் ஊதச் சொல்ல முடியாது. வருத்தம் தணிந்த பிறகு கிளினிக்கில்தான் அதைச் செய்ய வேண்டும். தணிந்ததும் எங்களுடைய ஆட்கள் வயலுக்கோ கடலுக்கோ போய்விடுவார்கள்.

இன்னொரு சங்கதி. இந்தக் கணக்கு ஆட்களை எண்ணுவதில்லை, வார்டிலிருந்து வெளியேறுவதை எண்ணுகிறது. ஆகவே சின்னம்மா மூன்று பேர். அதேநேரம் வார்டில் தங்காமல் வெளிநோயாளர் பிரிவில் நெபுலைசர் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய நாட்கள் எதுவும் அதில் இல்லை. அப்படியான நாட்கள்தான் அதிகம். மேலே போகப் போக எண்கள் பெரிய கூடைகளுக்குள் விழுகின்றன. வைத்தியசாலை அனுமதிக்கான முன்னணிக் காரணங்களில் ஒன்றாக வருடாவருடம் வருவது, மேல் சுவாசப்பாதை நோய்கள், நியுமோனியா, இன்புளுவென்சா தவிர்ந்த சுவாசத் தொகுதி நோய்கள் என்ற கூடை. சிஓபிடி, ஆஸ்துமா, திடீர்த் தொற்று எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. அந்த ஒரு வரியைப் பார்த்து, இந்த மாவட்டத்தில் இத்தனை பெண்களுக்கு விறகுப் புகையால் நெஞ்சு போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

சின்னம்மா ஒருநாளும் சுருட்டுப் பிடித்தவர் அல்ல. பதினெட்டு வயதில் கலியாணம் கட்டியதிலிருந்து அடுப்படி. 2009 இல் பதுங்கு குழி வாசலில் ஈர விறகு. பிறகு மெனிக் பாமில் தறப்பாளுக்குப் பக்கத்தில் மூன்று கல். 2012 குடிசன மதிப்பீட்டின்போதும் நாட்டில் நான்கில் மூன்றுக்கு மேற்பட்ட வீடுகள் விறகில்தான் சமைத்தன. எந்தப் புகை எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, வைத்தியராலும் முடியாது. ஆனால் கேட்டால்தானே எழுதலாம். புகையைப் பற்றிய ஒரு சொல்கூட மூன்று துண்டிலும் இல்லை. காற்று மாசுக்கு உள்ளாதல் என்பதற்குப் பட்டியலில் இசட்58.1 என்று ஒரு குறியீடு இருக்கவே இருக்கிறது.

அந்தப் பட்டியலில் யுத்தத்துக்கும் இடம் இருக்கிறது என்பதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். வை36, யுத்த நடவடிக்கைகள். வை36.8, சண்டை ஓய்ந்த பிறகு வெடித்த கண்ணிவெடி போன்றவை. வை89.1, யுத்தத்தின் பின்விளைவுகள். காலை இழந்தவருக்கு இவை பொருந்தும். மெல்ல மெல்லச் சுருங்கிய நெஞ்சுக்கு யாரும் இவற்றைத் தேடமாட்டார்கள்.

மரணத்திலும் இதே கதைதான். மரண அத்தாட்சியில் கடைசியாக நடந்ததை மேலேயும், எல்லாவற்றையும் தொடக்கிவைத்த நோயைக் கீழேயும் எழுத வேண்டும். கணக்கில் சேர்வது அந்தக் கீழ் வரி. 'இருதயம் நின்றது' என்று மட்டும் எழுதினால் நுரையீரல் அங்கேயே காணாமற்போகும். வீட்டில் செத்தவர்களுக்குக் குடும்பமும் கிராம அலுவலரும் சொல்வதுதான் பெரும்பாலும் காரணமாகிறது. அந்த நேரத்தில் பழைய துண்டைக் காட்ட யாருக்கும் நினைவு வராது.

ஆகவே துண்டுகளை எறியாதீர்கள். அடுத்த முறை வார்டுக்குப் போகும்போது கிளினிக் கொப்பியோடு பழைய துண்டுகளையும் பம்புகளையும் கொண்டுபோய், கேட்காவிட்டாலும் காட்டுங்கள். எத்தனை வருடம் அடுப்படியில் இருந்தீர்கள், எந்தப் புகையில் வேலை செய்தீர்கள், முன்பு சயரோகம் வந்ததா என்று சொல்லுங்கள். சயரோகம் விட்டுப்போன பாதிப்புக்கு பி90.9 என்று தனிக் குறியீடு உண்டு. துண்டு வெட்டும்போது நோயின் பெயர் எழுதியிருக்கிறதா, அறிகுறி மட்டும்தானா என்று கேளுங்கள். கேட்பது குற்றமில்லை. ஸ்பைரோமெற்றிக்கு எப்போது, எங்கே போகலாம் என்றும் கேளுங்கள்.

ஐசிடி-11 என்ற புதிய பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் சிஓபிடிக்குச் சிஏ22. எண் மாறினாலும் வார்டில் எழுதப்படும் சொல்லிலிருந்துதான் அதுவும் தொடங்கும்.

சின்னம்மாவின் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி ஒட்டிக் கொடுத்தேன்: சிஓபிடி நோயாளி, புகைப்பழக்கம் இல்லை, நாற்பது வருடம் விறகடுப்பு. வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"நாப்பத்திரண்டு" என்று திருத்தினார்.