சும்மா திரியுறான்

"படிக்கிறதே இல்ல சேர். பின்னேரமானா வெள்ளவத்தைக் கடற்கரையில சும்மா திரியுறான்."

பெற்றோர் கூட்டத்தில் ஓர் உம்மா மகனைப் பற்றிச் சொன்னது. அந்தச் சொல் இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை.

தமிழில் திரிதல் என்றால் அலைதல் மட்டுமல்ல, மாறுதலும்தான். பால் திரிந்தால் கெட்டுப்போகும். முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். ஆனால் தொல்காப்பியம் சொல்லும் திரிசொல் கெட்ட சொல் அல்ல, செய்யுளுக்கு உரிய சொல். திரிவது எல்லாம் கெடுவது அல்ல.

அலைவதைக் குற்றமாக எழுதிவைத்தது ஆங்கிலேயர் சட்டம். இங்கிலாந்தில் 1824இல் ஒன்று, இலங்கையில் 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இராஜகாரிய ஊழியம் 1832இல் ஒழிந்து, கோப்பித் தோட்டங்கள் ஆள் தேடிய காலம் அது. உழைக்க வலுவிருந்தும் உழைக்காமல் தெருவில் கையேந்துபவரைத் தண்டிக்க அதில் இடமிருந்தது. ஒருவர் தெருவில் நிற்பதற்குக் காரணம் கேட்கும் அதிகாரம் அரசுக்கு வந்தது.

அந்த எண்ணம் 2007 ஜூன் 7 அன்று நம் வாசலுக்கே வந்தது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களை பொலிஸார் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். தகுந்த காரணமின்றிக் கொழும்பில் இருக்கிறார்களாம். வைத்தியத்துக்கும் வெளிநாட்டு வேலைக்கும் வந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. பிரதமரும் வருத்தம் தெரிவித்தார்.

இது நமக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சொந்த ஊரில் இருக்கவே காரணம் போதாமல் போன நாள் அது. ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் வழிப்போக்கரையும் அல்குர்ஆன் (9:60) சேர்த்திருக்கிறது. வழியில் நிற்பவருக்கும் நம்மிடம் உரிமை உண்டு.

நேற்று அந்தப் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, ஏன் கடற்கரைக்குப் போகிறாய் என்று கேட்டேன்.

"வீட்டுல ஒரே ஒரு அறை சேர், ஆறு பேர். அங்கதான் காத்து வரும்."

பாடசாலை நூலகத்தைப் பின்னேரம் ஐந்து மணி வரை திறந்து வைக்க முடியுமா என்று அதிபரிடம் கேட்டிருக்கிறேன். துஆச் செய்யுங்கள்.