தோட்டமும் லாடாங்கும்

மலேசியாவில், பீடோர்ப் பக்கம் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெயரை மலாயில் எழுதினால் 'லாடாங்' வரும். தமிழில் எழுதினால் 'தோட்டம்' வரும். இரண்டுக்கும் பின்னால் இருப்பது 'எஸ்டேட்' என்ற ஆங்கிலச் சொல். அது ரப்பர் தோட்டத்தைக் குறிக்கும். வீடமைப்புப் பகுதியைக் குறிக்கும். இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தைக் குறிக்கும். முன்னால் 'ரியல்' சேர்ந்தால் நிலமும் கட்டடமும் ஆகும். நம் நிகண்டுகள் தனித் தொகுதி ஒதுக்கிய 'பலபொருள் ஒருசொல்' இனம். ஸ்பானிய மொழியில் இதை ஃபிங்கா, உர்பனிசாசியோன், எரென்சியா, பியெனெஸ் ராயிசெஸ் என்று நான்காகப் பிரித்துவிடலாம். பீடோரில் அருகருகே புழங்கும் மலாயும் தமிழும் என்ன செய்தன?

முதலில் ரப்பர். மலாயில் லாடாங் என்பது பழைய சொல். காட்டை வெட்டி எரித்து, மழையை நம்பி மேட்டில் பயிர் போடும் நிலம் அது. நீர் கட்டிய வயலுக்குச் 'சாவா' என்று வேறு பெயர். தமிழில் தோட்டம் என்றால் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி, வேலி போட்டுப் பேணும் நிலம். கொங்கு நாட்டில் இன்றும் மானாவாரி நிலம் காடு, இறவை நிலம் தோட்டம். ஆக, கொங்கு விவசாயி 'காடு' என்று சொல்லக்கூடியதை மலாய் எடுத்துக்கொண்டது. அதற்கு நேர் எதிரானதைத் தமிழ் எடுத்துக்கொண்டது. மலேசியப் புள்ளிவிவரக் கணக்கில் 100 ஏக்கருக்குக் குறைந்த ரப்பர் நிலம் எஸ்டேட் ஆகாது. நிரை நிரையாக ஒரே மரம் நிற்கும் அந்தப் பரப்பு காடும் அல்ல, கொல்லைத் தோட்டமும் அல்ல.

இரண்டு மொழிகளும் சேர்ந்தே விட்ட பொருள் ஒன்று உண்டு. எஸ்டேட்டின் வேர் 'நிலை' என்னும் பொருளுடைய லத்தீன் சொல். ஆளின் அந்தஸ்து, உடைமை என்று வளர்ந்து நிலத்துக்கு வந்தது. அது உடையவனின் சொல். லாடாங்கும் தோட்டமும் நிலத்தில் நின்று பாடுபடுகிறவனின் சொற்கள். நிலம் யாருடையது என்று அவை சொல்வதில்லை. 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றபோது அந்தக் கேள்வி தொழிலாளர் வீட்டு வாசலுக்கே வந்தது. தமிழுக்குத் 'துண்டாடல்' என்ற சொல் தேவைப்பட்டது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி.சம்பந்தன் 1960இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் பெயரைப் பாருங்கள்: தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டம் வாங்கப் பிறந்த சங்கத்தின் பெயரில் தோட்டம் இல்லை. நிலமும் நிதியும் இருக்கின்றன.

அடுத்து, இறந்தவர் சொத்து. இங்கே மலாய் தெளிவு. லாடாங்கை ஒதுக்கிவிட்டு 'ஹர்த்தா பூசாக்கா' என்கிறது. அப்பா பெயரில் இரண்டு ஏக்கர் விட்டுப்போயிருந்தால், பிள்ளைகள் நில அலுவலகத்தில் கேள்விப்படுவது 1955ஆம் ஆண்டின் 'ஹர்த்தா பூசாக்கா கெச்சில்' சட்டம். அதன் ஆங்கிலப் பெயரில் உள்ள 'எஸ்டேட்'டை மட்டும் பார்த்துச் 'சிறு தோட்டச் சட்டம்' என்று பெயர்த்தால், வாரிசுச் சட்டம் ரப்பர் சட்டமாகிவிடும். நாம் 'சிறு மரபுரிமைச் சொத்து' என்று நீட்டித்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

இந்த ஹர்த்தா, சமஸ்கிருத 'அர்த்த'த்திலிருந்து வந்தது. அங்கே அதற்குச் செல்வம், கருத்து என்று இரண்டும் உண்டு. மலாய் செல்வத்தை ஹர்த்தா என்றும், கருத்தை 'எர்த்தி' என்றும் பிரித்துக்கொண்டது. தமிழோ இரண்டையும் 'பொருள்' என்ற ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. எஸ்டேட்டைக் கையாண்ட விதமும் ஏறக்குறைய இப்படித்தான்: மலாய் பிரித்தது, தமிழ் சேர்த்தது.

வீடமைப்புப் பகுதிக்கு மலாய் இட்ட பெயர் 'தாமான்'. அதற்கும் பூந்தோட்டம் என்றுதான் பொருள். 'தோட்டத்த விட்டுத் தாமானுக்கு வந்துட்டோம்' என்று பீடோர்க்காரர் சொல்லும்போது, அகராதிப்படி அவர் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு வந்திருக்கிறார். ஆனால் வரிசையாய் ஒட்டி நின்ற லயத்து வீட்டையும், ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போன விடியலையும் விட்டு வந்தவருக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

அலுவலகத்துக்கு மலாயின் பாகுபாடுதான் உதவும், நாம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் தோட்டம், எஸ்டேட்டில் இல்லாத ஒரு பொருளையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. கல்யாண வீட்டில் புதியவரிடம் 'நீங்க எந்தத் தோட்டம்?' என்றால், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேள்வி. 'தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போறோம்' என்பதை மலாயில் சொல்லிப் பாருங்கள். லாடாங் என்றால் வேலைக்குப் போவதாகிவிடும். அங்கே வரவேண்டியது, சொந்த ஊரைச் சொல்லும் 'கம்போங்'.