பட்டணத்தில் தங்க ஓர் இடம்

செங்கோட்டையிலிருந்து மாலையில் கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸ் இருட்டும் நேரத்தில் ராஜபாளையத்தையும், அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூரையும் தாண்டும். இரண்டு ஊரிலும் ஏறும் கூட்டத்தில் பாதிப்பேர் இளைஞர்கள். ஒரு பை, சான்றிதழ் ஃபைல், பால்கோவா பொட்டலம்... இவற்றோடு ஏற்கனவே சென்னையில் இருக்கும் ஓர் ஊர்க்காரரின் போன் நம்பரும் கட்டாயம் இருக்கும். விடிந்தால் பட்டணம். வேலை கிடைக்குமா என்பது அப்புறம், முதலில் எங்கே தங்குவது?

இந்தக் கேள்வி ஒன்றும் புதிதல்ல. ரயில் வருவதற்கு முன்பே இருந்தது. அப்போது இந்தப் பக்கத்து மக்களுக்குப் "பெரிய ஊர்" என்றால் மதுரைதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். மாட்டு வண்டியில் போனால் வழியில் ஓர் இரவாவது எங்காவது தங்கியாக வேண்டும். அதற்காகத்தான் சத்திரங்கள் இருந்தன. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஊரின் பெயரே சத்திரப்பட்டி! ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் பூஜை முடிந்து மணி அடித்த பிறகே திருமலை நாயக்கர் மதுரையில் சாப்பிட உட்காருவார், அந்த ஓசையைக் கடத்தத்தான் வழியெல்லாம் மணி மண்டபங்கள் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. மணியோசை எப்படிப் போனதோ தெரியாது, வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர்கள் அந்த மாதிரி மண்டபங்களில்தான் ஒதுங்கினார்கள்.

மதுரையில் இறங்கினால் மங்கம்மாள் சத்திரம். ராணி மங்கம்மாள் 1689 முதல் சுமார் 1706 வரை ஆட்சி நடத்தியவர். அவர் பெயரில் உள்ள அந்தச் சத்திரம் இன்று ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் சத்திரத்துக்கு எதிரேதான் பிற்பாடு ரயில் நிலையம் வந்தது.

சத்திரம் என்றால் எல்லோருக்கும் திறந்த கதவு என்று நினைத்துவிடக் கூடாது. பொதுவாகவே அந்தக் காலச் சத்திரங்களில் யாருக்கு உள்ளே இடம், யாருக்குத் திண்ணை, யார் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. சாப்பாட்டுப் பந்தியும் தனித்தனி. ஆக, தங்குமிடத்தைப் பயணி தேர்ந்தெடுத்தார் என்பதை விட, தங்குமிடம்தான் பயணியைத் தேர்ந்தெடுத்தது. சென்னையிலும் வெகுகாலம் இதே கதைதான்.

ரயிலுக்கு வருவோம். 1876 வாக்கிலேயே மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் பாதை வந்துவிட்டது. ஆனால் அது விருதுபட்டி (1923இல்தான் விருதுநகர் ஆனது), சாத்தூர் வழியாகப் போனது. ராஜபாளையத்துக்காரர் ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் வண்டி கட்டிக்கொண்டு விருதுபட்டிக்குப் போக வேண்டும். 1927இல் விருதுநகர் - தென்காசி பாதை திறந்த பிறகு நிலைமை தலைகீழ். வீட்டு வாசலில் ரயில்! இரவு முழுக்கப் பயணம் செய்தால் சென்னை.

தெற்கிலிருந்து போகும் ரயில் சென்ட்ரலுக்குப் போகாது. 1908இல் திறந்த எழும்பூர் நிலையத்துக்குத்தான் போகும். தங்குமிடத்தின் கதையையே இது மாற்றியது. சென்ட்ரலுக்கு எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் கட்டிய சத்திரம் இருந்தது. ஆனால் சத்திரம் என்பது வந்துபோகிறவர்களுக்கு. வேலை தேடி மாதக்கணக்கில் இருக்க வந்தவனுக்கு அது உதவாது. எழும்பூர் வாசலில் கென்னட் லேன் லாட்ஜுகள் உண்டு, ஆனால் அவை நாள் வாடகை. நாலு நாள் தங்கினால் ஊரிலிருந்து கொண்டுவந்த காசு காலி. அப்படியே நடந்து போகும் தூரத்தில் கிடைத்ததுதான் திருவல்லிக்கேணி.

ஏன் திருவல்லிக்கேணி? பார்த்தசாரதி கோயில் ஒரு காரணம். அங்கே ஆண்டாளுக்கும் சன்னதி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவருக்கு, தெரியாத ஊரில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி. ஆனால் சாமியை மட்டும் காரணம் சொன்னால் பாதிக் கதைதான். மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழகம், மவுண்ட் ரோடு அலுவலகங்கள், பத்திரிகைகள், கொஞ்சம் எட்டி நடந்தால் கோட்டை... எல்லாம் கால்நடை தூரம். பஸ் காசு மிச்சம். மாநிலக் கல்லூரிக்கு வந்த உ.வே.சாமிநாதையர் இங்கேதான் வீடு பிடித்தார். கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்து போவதற்கு முன் இங்கே அனுமந்தராயன் கோயில் சந்தில் குடியிருந்தார். எட்டயபுரத்துப் பாரதி 1921இல் மறைந்ததும் இங்குள்ள வாடகை வீட்டில்தான். 1904லேயே கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கிய பேட்டை இது. 1948இல் ரத்னா கபே வந்தது. சம்பளம் வாங்கிய அன்று அங்கே சாம்பாரில் மிதக்கும் இட்லி, மற்ற நாள் டோக்கன் வாங்கிக் காத்திருந்து மெஸ் சாப்பாடு!

கூட்டம் பெருகப் பெருக "மேன்ஷன்" என்ற வகைக் கட்டடங்கள் எழுந்தன. பெயர்தான் மேன்ஷன். உள்ளே போனால் நீளமான நடை, இருபுறமும் சின்னச் சின்ன அறைகள், ஓர் அறையில் இரண்டு மூன்று கட்டில், கொடியில் காயும் சட்டை, மாடிக்கு மாடி பொதுக் குளியலறை. காலையில் வாளியோடு வரிசை. ஊரிலிருந்து புதிதாக வந்தவன் முதலில் யாராவது ஓர் அண்ணனின் அறையில் "கெஸ்ட்" ஆகச் சேருவான். இரவில் மொட்டை மாடியில் பாய். மேன்ஷன் மேனேஜர் கண்ணில் படாமல் இருந்தால் வாடகை மிச்சம். பட்டாலும் "அண்ணே, ஒரு வாரம்ணே" என்று ஆரம்பித்து அது மூன்று மாதமாக நீளும். வேலை கிடைத்ததும் அவனுக்கு ஒரு கட்டில், அவனை நம்பி அடுத்த வருடம் இன்னொரு தம்பி. பல அறைகளில் ஆள் மாறியிருப்பார்கள், ஊர் மாறியிருக்காது.

மேன்ஷனைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. மூட்டைப்பூச்சி, தண்ணீர்ப் பஞ்சம், அடுத்த அறை ரேடியோ எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கு நியாயமாகத் தர வேண்டிய ஒரு பெருமையும் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் "பேச்சிலருக்குக் கிடையாது" என்றார்கள், "சைவம் மட்டும்" என்றார்கள், அதற்குப் பின்னால் சாதியைச் சுற்றி வளைத்து விசாரித்தார்கள். மேன்ஷனில் பெரும்பாலும் முன்பணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதே திருவல்லிக்கேணியில் 1957இல் கூட முரளி கபே என்ற உணவகத்தின் பலகையில் "பிராமணாள்" என்ற சொல் இருந்தது. அதை நீக்கச் சொல்லிப் பெரியாரின் திராவிடர் கழகத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்து, நூற்றுக்கணக்கில் கைதானார்கள். அடுத்த ஆண்டுதான் அந்தச் சொல் போனது. அப்படிப்பட்ட காலத்தில் சாதி கேட்காத கட்டில் சின்ன விஷயமா? கல்லூரிக்கு வந்த தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கோ அந்த முன்பணம் கூடக் கையில் இருக்காது. அவர்களுக்குச் சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதி போன்றவைதான் கதி.

சரி, பெண்கள்? மேன்ஷன் முழுக்க முழுக்க ஆண்களின் உலகம். தனியாக வந்த பெண்ணுக்கு நகரத்தில் இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். 1892இல் தொடங்கிய ஒய்.டபிள்யூ.சி.ஏ. ஒன்று. 1912இல் சகோதரி சுப்புலட்சுமி எழும்பூரில் இளம் விதவைகள் படிப்பதற்காகத் தொடங்கி, பிறகு கடற்கரை ஐஸ் ஹவுசுக்கு மாறிய இல்லம் ஒன்று. அதுவும் பிராமண விதவைகளுக்கு மட்டும். 1930இல் தேவதாசி முறையை விட்டு வெளியே வந்த சில இளம்பெண்கள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதவைத் தட்டினார்கள். இருந்த விடுதிகளில் அவர்களைச் சேர்க்க அவர் முயன்றார். பிறப்பைக் காரணம் காட்டி மறுத்தார்கள். சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர், ஊரறிந்த டாக்டர், அவர் கேட்டும் ஒரு கட்டில் கிடைக்கவில்லை! தன் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள் பெரிய அளவில் சென்னைக்குக் கிளம்பியது மிகவும் பிந்தித்தான். கிருஷ்ணன்கோவிலில் 1984இல் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி வந்தது. கம்ப்யூட்டர் படித்த மாணவிகளுக்கு வேலை பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்தது. அதை ஒட்டி லேடீஸ் ஹாஸ்டல்கள் முளைத்தன. இரவு எத்தனை மணிக்குக் கேட் பூட்டுவார்கள் என்பதை அப்பாக்கள் முதலிலேயே விசாரித்துவிடுவார்கள். சோறு எப்படி என்பதை மகள்கள் பிறகு கண்டுகொள்வார்கள். இந்த விடுதிகள் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டமே 2014இல்தான் வந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசே "தோழி" விடுதிகளைக் கட்டத் தொடங்கியது அதற்கும் பிறகு.

இதற்கிடையில் இறங்கும் இடமும் மாறியது. 2002இல் வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனையை விட்டுக் கோயம்பேட்டுக்குப் போயின. உடனே வடபழனியிலும் அரும்பாக்கத்திலும் அறைகளுக்குக் கிராக்கி. 2004இல் மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையாகி, பொதிகை ஓடத் தொடங்கியது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தது. இப்போது தென்மாவட்டத்து ஆள் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கமே அறை பார்க்கிறார். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் வேலைக்காரர்கள் குறைந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அதிகமானார்கள்.

நாலு பேர் சேர்ந்து வீடு பிடித்தால் அடுத்த தலைவலி அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பழைய வழக்கம். 2017இல் நிறைவேறி 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும் என்று அதே சட்டத்தில் ஒரு வாசலும் உண்டு. அந்த வாசல் எந்தப் பக்கம் திறக்கும் என்பது வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்.

கைபேசியில் படம் பார்த்து அறை பிடிக்கும் வசதியெல்லாம் வந்தாகிவிட்டது. ஆனாலும் விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்குகிறவன் முதலில் செய்வது, தூங்கிக்கொண்டிருக்கும் ஓர் அண்ணனை எழுப்புவதுதான்.

"அண்ணே, இறங்கிட்டேன். எந்த பஸ்ல வரணும்?"